பாக்கியத்துக்கு முன்னால் எத்தனை பேர்?

சிவகாசி அச்சகத்தில் மிஷின் ஓட்டிய நான் கப்பலேறி வந்த இந்த இங்கிலாந்து ஊரில் தபால்காரர் குரல் கொடுப்பதில்லை. கதவிலுள்ள துவாரத்தில் கடிதத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். அது விழும் சத்தம் என் மனைவி பாக்கியத்துக்குக் கேட்காது. ஆகவே அடிக்கொரு தரம் கதவடிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். காது டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரவேண்டும். போன குளிரில் பெயர் கொடுத்தோம். அடுத்த குளிரும் வந்துவிட்டது. தாயில்பட்டியில் பட்டாசு ஷெட் வெடித்தபோது அவளுக்கு இடது காது போயிற்று. இப்போது வலதும் மங்குகிறது. அதுவும் போனால் என் குரலும் அவளுக்கு இல்லை. இந்த நாட்டில் அவளோடு தமிழ் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

"நமக்கு முன்னால எம்புட்டுப் பேரு இருக்காக?" என்று தினமும் கேட்கிறாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நானும் அதையே கேட்டேன். "வெயிட்டிங் லிஸ்ட்" என்று சிரித்தாள் அங்கிருந்த பெண். மறுபடி கேட்டேன்; மறுபடி அதே சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

விருதுநகரில் மதுரை டாக்டர் வரும் நாளில் வரிசை கண்ணுக்குத் தெரியும். ஆமத்தூர்க்காரர் ஒருவர் துண்டைப் போட்டு இடம் பிடித்திருப்பார், அதற்குப் பின்னால் யாருடைய தூக்குவாளியோ, அப்புறம் நாங்கள். "புள்ள துடிக்குது, விடுங்கப்பா" என்று ஒருத்தி ஓடிவந்தால் வரிசையே ஒதுங்கும். முதலாளி வீட்டுக் கார் வந்தால் பின்வாசல் திறக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். வயிறெரியத் திட்டுவோம். இங்கே முதலாளியும் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறாராம். நல்லதுதான், ஆனால் எனக்குத் திட்டக்கூட ஆளில்லை.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி அறையில் பாக்கியத்தை உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் ஊர் வழக்கப்படி என் துண்டைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். காது கேட்கவில்லை என்று வந்தவளைக் கூப்பிட்டால் கேட்குமா? ஊரில் என்றால் பக்கத்திலிருப்பவள் தோளைத் தட்டி, "யக்கா, ஒங்களத்தான் கூப்பிடுறாக, எந்திரிங்க" என்றிருப்பாள். இங்கே எல்லோரும் மரியாதையாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து நர்ஸிடம் கேட்டால், ஆள் வரவில்லை என்று எழுதியாயிற்றாம். பெயர் மறுபடி லிஸ்டின் அடிக்குப் போகுமாம். "இதோ உட்கார்ந்திருக்கிறாளே!" என்றேன். "ஸாரி" என்றாள் நர்ஸ்.

பாக்கியம் என் துண்டின் மேல் கையை வைத்து, யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். நான் அருகே வந்ததும் முகம் மலர்ந்து, "நம்ம முறை வந்துருச்சாங்க?" என்றாள்.

அவளுடைய வலது காதருகே குனிந்து, "போயிருச்சு" என்று கத்தினேன். அப்போதுதான் அந்த அறை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.