மைதீன் பாய் பார்த்ததும் நான் எழுதியதும்

செய்தி எனக்குக் கோர்ட்டில்தான் வந்தது. மதிய இடைவேளை முடிந்து, அடுத்த வழக்குக்கான கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்பும்போது, "உங்க கூட்டாளி கண்ணாடிக்கடை பாய் காலையில தவறிட்டாருல்லா, தெரியாதா?" என்றார். நெஞ்சுவலியாம். கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். ஆனாலும் அவர் இறந்த செய்தி என்னிடம் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விண்மீன் பார்க்கும் நம் சிறிய வட்டத்தின் மாதத் தாளில் மைதீன் பாயைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மதுரை, கோவில்பட்டி நண்பர்கள் சொன்னீர்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான் என்பது காரணம். எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு, வேறு ஒருவரை எழுதச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும்.

அவரை நான் முதலில் பார்த்தது மூக்குக்கண்ணாடி வாங்கப் போனபோது. எண்பதுகளின் தொடக்கம். பழைய ஆவணங்களைப் படித்துப் படித்துத் தலைவலி வந்திருந்தது. கடையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில், கறுப்புப் புள்ளிகளாக ஒரு படம் ஒட்டியிருந்தது. இதுவும் கண் சோதிக்கத்தானா என்று கேட்டேன். "ஆமா, இது என் கண்ணைச் சோதிக்க" என்றார். தனுசு ராசிப் பக்கத்து வானத்தின் படம் அது. அதில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். அதற்கடுத்த வாரமே அவருடைய கடை மாடியில் நின்று, பைனாகுலர் வழியாக அந்த விண்மீனைப் பார்த்தேன்.

புதிதாக வட்டத்தில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் ஒரே ஒளியோடு இருந்துவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் மங்கிப்போகும் விண்மீன்கள் சில உண்டு. அவை கரித்தூளைக் கக்கி, அதற்குப் பின்னால் தாமே மறைந்துகொள்கின்றன. "அரிக்கேன் விளக்கு சிம்னியில கரி புடிக்கிற மாதிரிதான்" என்பார் பாய். அந்தக் கரி பின்னர் விண்வெளியில் பரவிப் புதிய விண்மீன்களுக்குச் சேருமாம். மங்கல் எப்போது தொடங்கும் என்று பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்கும் தெரியாது. தினமும் பார்க்கிற ஒருவர் சொன்னால்தான் அவர்கள் கருவியைத் திருப்புவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதில்தான் வேலை. பக்கத்தில் இருக்கும் ஒளி மாறாத மீன்களோடு ஒப்பிட்டு, ஆறு புள்ளி நாலு, ஆறு புள்ளி ஐந்து என்று எண் போடுவோம். எண் கூடினால் ஒளி குறைந்திருக்கிறது என்று பொருள்.

ஹாலி வால்மீன் வந்த வருடம் அவருடைய மாடியில் ஊரே கூடியது. வந்தவர்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. எதிர்க்கடைக்காரர் ராஜு நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா பாய், வால் நல்லாத் தெரியுது" என்றார். பாய் பைனாகுலரை வாங்கித் தாமே ஒருமுறை பார்த்தார். "எனக்கு வாலு தெரியலையே. உமக்குத் தெரிஞ்சா சரி. எனக்காகத் தெரியுதுன்னு சொல்லாதீரும்" என்றார். ராஜு சிரித்தபடி, வால் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். "மேல இருக்கதை எழுதணும், மனசுல இருக்கதை எழுதப்படாது" என்று பாய் அடிக்கடி சொல்வார். நம் கூட்டங்களில் அதைக் கேட்டிருப்பீர்கள்.

வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் எல்லாருடைய கணிப்புகளையும் தொகுத்து, அவற்றைச் சேகரிக்கும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவது என் வேலை. யார் எத்தனை இரவு பார்த்தார் என்று தாளில் ஒரு பட்டியலும் போடுவேன். பாய் எப்போதும் முதலிடத்தில் இருப்பார். நான் இரண்டாவது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவனும் நானே என்பதால், இரண்டாவதாக இருப்பது மாதம்தோறும் கொஞ்சம் உறுத்தியது. அவர் அதைக் கவனித்திருப்பார் என்றுகூட நான் நினைக்கவில்லை.

ஹாலி வந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசி மாதம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளைச் சனிக்கிழமை சேவிக்க என் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மாடி முழுக்கப் பாயும் தலையணையும் பிள்ளைகளும். பத்து நாள் நான் வானத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. மாத முடிவில் என் நோட்டைத் திறந்தால் வெற்றுப் பக்கம். தனுசு ராசி விண்மீன் மூன்று வருடமாக அசையாமல் ஆறு புள்ளி நாலில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஐந்து முறை ஆறு புள்ளி நாலு என்று எழுதினால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? மாதத்தின் கடைசி ஐந்து நாள் தேதிகளைப் போட்டு ஐந்து வரி எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க ஒரு வரியில் மட்டும் ஆறு புள்ளி ஐந்து என்று போட்டேன். இந்த விவரத்தைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. எழுதி, தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் மதியம் பாய் கோர்ட்டுக்கே வந்துவிட்டார். கடை நேரத்தில் அவர் ஊரைவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. வேப்பமரத்தடியில் நின்றபடி நோட்டை விரித்தார்.

"கோர்ட்டாரே, நம்ம ஆளு மங்குதான்னு நெனக்கேன். அஞ்சு நாளா எறங்கிக்கிட்டே வருதான். இந்தா பாரும், கடைசியா ஏழு புள்ளி ஒண்ணு. நீரும் பாத்தீருல்லா? உமக்கு எம்புட்டு வந்துச்சு?"

சுற்றிலும் நாலைந்து குமாஸ்தாக்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு இது ஒன்றும் புரிந்திருக்காது. ஆகவே அடுத்து நான் சொன்ன பொய்க்கு அவர்களைக் காரணமாகச் சொல்ல முடியாது.

"எனக்கு அப்படித் தெரியலையே பாய். ஆறு புள்ளி நாலுதான்."

"அஞ்சு நாளுமா?"

"ஒருநாள் மட்டும் ஆறு புள்ளி அஞ்சு."

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறு" என்றார். வாதாடவேயில்லை. காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். பஸ் வந்துவிடும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, ஐம்பது வயதில் பார்வை போனது எனக்குத் தெரியும். கண்ணில் நீர் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல இருண்டுவிட்டது. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் கண்ணாடிக்கடையே வைத்தேன் என்று பாய் ஒருமுறை சொல்லியிருந்தார். நோட்டோடு கோர்ட்டுக்கு வந்த அன்று அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அன்று மாலை ஏழரை மணிக்கு மாடிக்கு ஓடினேன். மேகம் மூட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் தெற்கே ஒரு திறப்பு விழுந்தது. விண்மீனின் ஒளி ஏழு புள்ளி ஐந்துக்கும் கீழே இறங்கியிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. பக்கத்து மீன்கள் எல்லாம் பளிச்சென்று இருக்க, அது மட்டும் ஒடுங்கிப் போயிருந்தது. நாளைக்கே ராஜபாளையம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் போகவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது தனுசு ராசி மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. பாய் அந்த வருடம் அதை மறுபடி பார்க்கவே இல்லை.

கார்த்திகையில் அவரிடமிருந்து செயலாளருக்கு ஒரு கார்டு வந்தது. "என் கண் முன்போல் இல்லை. புரட்டாசி மாதத்து ஐந்து கணிப்புகளையும் தள்ளுபடி செய்துவிடவும். இனி அனுப்பமாட்டேன்." அதற்குள் மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, குடும்பத்தில் இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லை என்பதை அவர் நம்பவில்லை. கோவில்பட்டி நண்பர் இன்றும் வைத்திருக்கும் பைனாகுலர், அந்த மாதம் பாய் கொடுத்ததுதான். வாங்கியவருக்கு இதில் எதுவும் தெரியாது. செயலாளராகிய நான் அந்தக் கார்டின்படி ஐந்து கணிப்புகளையும் அடித்துச் சங்கத்துக்கு எழுதினேன். என்னுடைய ஐந்தும் அப்படியே நின்றன.

அடுத்த கோடையில் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. தனுசு ராசி விண்மீன் மங்கிவிட்டது, முதலில் கவனித்தவர் தென்கோளத்து நாட்டுக்காரர் ஒருவர் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். பாய் முதலில் பார்த்து நான்கு நாள் கழித்துத்தான் அவர் பார்த்திருக்கிறார். நாலு வரியில் தமிழாக்கி நம் தாளில் போட்டேன். பாய் பெயரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.

தாள் போன மூன்றாம் நாள், "ஒருநடை வந்து போகவும்" என்று கார்டு வந்தது. சண்டை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் தெரிந்தது.

"உட்காரும் கோர்ட்டாரே. என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு. அப்பம் உமக்குத்தான் ஏதோ கொறை. அதை விட்டுரப்படாது. செத்த நேரம் இரும், பாத்துருவோம்."

கண் சோதிக்கும் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். ஒவ்வொரு வில்லையாகத் துடைத்துத் துடைத்துப் போட்டார். பலகையின் கடைசி வரி வரை வாசித்தேன். "மங்கின வெளிச்சத்துலயும் பாக்கணும், மீன் பாக்கதுக்கு அதுதான் முக்கியம்" என்று விளக்கை அணைத்து, கதவை ஒருக்களித்து வைத்தார். அப்போதும் எழுத்துகள் எனக்குத் தெரிந்தன. தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, அதையாவது செய்யவில்லை. கடைசி வரியை வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

அவர் விளக்கைப் போட்டார். தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. சட்டத்தைக் கழற்றி, வில்லைகளை அதனதன் குழியில் வைத்துப் பெட்டியை மூடினார்.

"கண்ணுல ஒரு கொறையும் இல்ல" என்றார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, "பஸ் வந்துரும். நீங்க கெளம்புங்க" என்றார்.

அதுவரை எட்டு வருடம் என்னை 'நீர்' என்றே பேசியவர் அவர். அன்று முதல் சாகும்வரை 'நீங்க' என்றார். பண்டிகைக்கு என் வீட்டுக்குப் பிரியாணி வராமல் இருந்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை. விண்மீனைப் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும், அவருக்குத்தான் தெரியுமே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்வதைத் தினமும் பத்து முறை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். அவருடைய மகள் ஜரினா இருந்தாள். அந்தக் கடையில் கண் சோதிப்பது இப்போது அவள்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"நான் பி.எட். சேர்றதா இருந்தேன் மாமா. அத்தா திடீர்னு ஒருநாள், எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல, ஊராரு கண்ணை எப்படிப் பாப்பேன், நீ வந்து கத்துக்கோன்னு கூப்பிட்டாவ. பி.எட்.டுக்கு நான் போகல. எதுக்கு அப்படிச் சொன்னாவன்னு இப்பத்தான் தெரியுது."

நான் உட்கார்ந்திருந்தது கண் சோதிக்கும் நாற்காலியில்.

"இதை அவிய இருக்கும்போது சொல்லியிருக்கணும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வயதான ஒருவர் மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தார். "வாங்க, இப்படி உட்காருங்க" என்று அவரிடம் எழுந்து போய்விட்டாள். அவருக்காக நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

வெளிநாட்டுச் சங்கத்துக்குப் போன வாரம் எழுதியிருக்கிறேன். என் ஐந்து வரிகள் பொய், அவற்றை நீக்கவும். மைதீன் பாயின் ஐந்து கணிப்புகளைச் சேர்த்துக்கொள்ளவும், அவை அவராக ஐயப்பட்டு அடித்தவை அல்ல, என்னால் அடிபட்டவை என்று. பதில் இன்னும் வரவில்லை. இவ்வளவு காலம் கழித்துச் சேர்ப்பார்களா என்பதும் தெரியவில்லை. வட்டத்தின் செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாயின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை. அவர் என் கண்ணைச் சோதித்த நாளிலிருந்து ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. அது ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது. நேற்று மாலை வானம் துல்லியமாக இருந்தது. முழங்கால் வலி, மாடிக்கு ஏறவில்லை. நோட்டை எடுத்துத் தேதி போட்டு, எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதினேன்.