என்னுடையதை அவரும், அவருடையதை நானும்

அண்ணையின் காரில் கோப்பிக் கோப்பை வைக்கும் குழிகள் இரண்டிலும் ஒருநாளும் கோப்பி இருந்ததில்லை. ஒன்றில் பஞ்சும் பிளாஸ்டரும், மற்றதில் விரலில் குத்துகிற சின்ன ஊசிகள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் பெட்டிகளை நாங்கள் இருவரும் அந்தக் காருக்குள் வைத்துத்தான் உடைப்போம். வேலை முடிந்த பின்னேரங்களில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்பக்கம்.

வீட்டிலேயே செய்யலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நல்ல கதை! ஆருடைய வீட்டில்? அண்ணை தன் அக்கா குடும்பத்தோடு இருந்தார். குளியலறைக்குள் கொஞ்சம் கூட நேரம் நின்றால் கதவில் தட்டுவார்கள். நான் இன்னும் மூன்று பேரோடு ஒரு அப்பார்ட்மென்ற்றில். கிளினிக்குக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே முன்மேசையில் இருக்கிற பிள்ளை அண்ணையின் அக்கா மகளோடு படித்தவளாக இருப்பாள். அவள் வெளியில் சொல்லமாட்டாள்தான். ஆனாலும் பயம் பயம்தானே.

அவர் எனக்கு உறவில்லை. ஸ்காபரோவில் பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர், எல்லாருக்கும் அண்ணை. ஆண்கள் ஆண்களைத் தேடும் போன் அப் ஒன்றில் தலையில்லாத படமொன்றைக் கண்டேன். முகத்தை வெட்டியவர் கையை மறந்துவிட்டார்: முழங்கைக்குக் கீழே போறணை அடுப்பு சுட்ட தழும்பு. அடுத்த நாள் பிரேக்கில் பக்கத்தில் போய் இருந்து, "அண்ணை, இனிப் படம் எடுக்கேக்க நீளக் கைச் சட்டை போடுங்கோ" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துப்போனது. பிறகு, "அட நாசமறுப்பான், நீயுமோ!" என்று கண்ணீர் வரச் சிரித்தார். எங்களுக்குள் வேறொன்றும் இருந்ததில்லை. ஒளிக்கத் தேவையில்லாத ஒரு ஆள் கிடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

தன் முடிவைத் தானே பார்க்க அவருக்கு நடுக்கம். "நீ பார். நான் பாக்கமாட்டன்" என்று முகத்தை யன்னல் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதனால் அவருடையதை நானும், என்னுடையதை அவரும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சோதனைத் தட்டில் ஒரு புள்ளி என்றால் கிருமி இல்லை. இரண்டு என்றால் இருக்கலாம். கிளினிக்கில் உறுதி செய்ய வேண்டும். "ஒண்டுதான் அண்ணை" என்றதும் மூச்சு விடுவார். பிறகு மட்டன் ரோல்ஸ், தேத்தண்ணி, வேலையிடத்துப் பகிடிகள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த நகரத்தில் அந்தப் பரிசோதனை நாளுக்கு ஆசையோடு காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு பனிக்காலத்தில் அவருடையதில் இரண்டு புள்ளி வந்தது. "ரெண்டு அண்ணை" என்றேன்.

"வடிவாப் பார்" என்றார், திரும்பாமலே.

"வடிவாத்தான் பாத்தனான் அண்ணை."

அவருடைய கையைப் பிடித்தேன். மெதுவாக இழுத்துக்கொண்டு காரை ஸ்ரார்ட் பண்ணினார். "அக்காவுக்குத் தெரிஞ்சால் செத்துப்போவா" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நகரின் நடுவே டவுன்ரவுனில், தமிழ் முகம் ஒன்றும் இல்லாத கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உறுதியானது. நாளுக்கு ஒரு குளிசை. சில மாதங்களில், இரத்தத்தில் கிருமி பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிட்டது, குளிசையை விடாமல் போட்டால் உறவு மூலம் ஆருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னபோது நான்தான் அழுதேன், அவர் அழவில்லை. அதன் பிறகு போனுக்குப் பதில் குறைந்தது. வேலையை விட்டார். அக்கா குடும்பத்தோடு தள்ளியிருக்கிற விட்பிக்கு வீடு மாறிப் போய்விட்டதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். என் முகத்தைக் கண்டால் அவருக்கு அந்த இரண்டு புள்ளியும் தெரிந்திருக்கும். விளங்குகிறது. ஆனாலும் எனக்குக் கோபம், இன்றைக்கும் கோபம். இப்போது என்னுடையதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

போன கோடையில் ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டேன். நல்ல உடம்பு வைத்து, வெளிச்சமாக இருந்தார். கண்டதும் எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "உவர் ஆர்?" என்று கேட்டார்.

"முந்தி வேலை செய்த இடத்துப் பொடியன்" என்றார் அண்ணை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உவனுக்கெண்டு ஒரு சிநேகிதனும் இல்லை. வேலையால வந்தால் அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். எனக்குப் பிறகு உவனை ஆர் பாக்கிறது? நீங்களாவது ஒருக்கா வீட்டை வந்து போங்கோவன்."

"வாறன் அக்கா" என்றேன்.

அக்கா வீதியின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். அண்ணை அவருடைய தோளில் கை வைத்து, "வா அக்கா, பந்தி தொடங்கிட்டுது" என்று கூட்டிக்கொண்டு போனார்.