சயனைடு வேண்டாம், வைட்டமின் போதும்

அந்த ஃபாரத்தில் என் பெயரை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். சோடியம் சயனைடு வாங்க அனுமதி. கெமிஸ்ட் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

"போட மாட்டேன் சார்," என்றேன்.

மலேசியாவில், கமுந்திங்கில் பவுடர் பெயிண்டுக்கான ரசாயனங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை அது. எனக்கு அங்கே பதினோராவது வருடம். பெயிண்ட் சூட்டில் உருகும்போது குமிழி விடாமல் இருக்க பென்சாயின் என்ற வெள்ளைத் தூளைச் சேர்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அதை நாமே செய்வோம் என்று மேனேஜர் குணசீலன் முடிவெடுத்தார். அவர் எடுத்தது பழைய பாடப்புத்தக முறை. பென்சால்டிஹைடு என்ற திரவத்தின் மூலக்கூறுகளைச் சயனைடு இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்கும்.

"எத்தனையோ வருஷமா செய்றாங்க லா. ஒண்ணும் ஆகாது."

"நம்ம லோங்காங்ல ஆசிட் கழுவுன தண்ணி ஓடுது சார். அந்தச் சாக்கடையில சயனைடு கலந்தா விஷவாயு. ரியாக்டர் கிட்ட நிக்கப் போறது நீங்க இல்ல, சலீம் அண்ணன்தான்."

சலீம் அண்ணன் எங்கள் ரியாக்டர் ஆபரேட்டர். அப்போதும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

'ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சு எனக்கு ஆகாது. என் அம்மா சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை வெறும் கையால் ஊற்றியவர். அவருக்கும் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி அதைத்தான் சொன்னார். அம்மாவின் வெந்து தோலுரிந்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

"அப்ப வேற வழி காட்டு. ரெண்டு வாரம் டைம். இல்லன்னா வேற கெமிஸ்ட் வருவாங்க," என்றார் மேனேஜர்.

வேறு வழி இருந்தது. தையமின், அதாவது வைட்டமின் பி1. காரம் சேர்த்தால் அதிலுள்ள ஒரு கார்பன், ஹைட்ரஜனை இழந்து கார்பீன் ஆகும். இரண்டே பிணைப்புகளோடு, பகிராத எலெக்ட்ரான் ஜோடி ஒன்றை வைத்திருக்கும் கார்பன் அது. ஆல்டிஹைடின் கார்பன் எப்போதும் எலெக்ட்ரானுக்கு ஏங்கும். கார்பீன் போய் ஒட்டிக்கொண்டால் அதே கார்பன் எலெக்ட்ரானைக் கொடுக்கத் தொடங்கி, அடுத்த ஆல்டிஹைடோடு சேரும். கார்பீன் கழன்று அடுத்த ஜோடிக்குப் போய்விடும். சயனைடு செய்வதும் இதே வேலைதான்.

முதல் மூன்று டிரையலிலும் மஞ்சள் எண்ணெய்தான் மிஞ்சியது. மேனேஜர் எல்லாரும் கேட்கும்படி, "வைட்டமின் மாத்திரை வச்சு ஃபேக்டரி நடத்துறாங்க, பாருங்க," என்றார். சிலர் சிரித்தார்கள். காது சுட்டது. ஃபாரம் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நான்காவது டிரையலுக்குக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவினேன்.

அப்போதுதான் சலீம் அண்ணன் வந்தார். "தங்கச்சி, அந்த பென்சால்டிஹைடு டிரம் வாயப் பாத்தியா? வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பென்சோயிக் ஆசிட்! எப்போதோ திறந்த டிரம். காற்றுப் பட்டு பென்சால்டிஹைடு ஆசிட்டாக மாறியிருந்தது. நான் ஊற்றிய காரத்தை அது தின்றுவிட்டது. காரம் இல்லாமல் கார்பீன் எப்படி வரும்? வெட்கமாக இருந்தது. அதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பென்சால்டிஹைடைச் சோடாக் கரைசலில் கழுவி, வாக்குவமில் காய்ச்சி வடித்தேன். தையமினை ஐஸில் வைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சூடேறினால் தையமினே உடைந்துவிடும். மறுநாள் ஃபிளாஸ்கின் அடியில் வெள்ளைப் படிகங்கள். மெல்ட்டிங் பாயிண்ட் சரியாக இருந்தது.

"சயனைடு அளவுக்கு மகசூல் வரல," என்றார் மேனேஜர்.

"வராது சார். ஆனா ஆளுங்க எல்லாம் உசிரோட வீட்டுக்குப் போவாங்க."

ஈப்போ வாடிக்கையாளர் எங்கள் தூளைக் கலந்து தகட்டில் பூசிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. ஆர்டர் வந்தது. சயனைடு தொழிற்சாலை கேட்டைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. சலீம் அண்ணன்தான் முதல் பேட்சை ஓட்டினார்.

அந்த ஆண்டுக்கான என் பணி அறிக்கையில் மேனேஜர் என்னைப் 'பிடிவாதக்காரி' என்று எழுதினார். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது. போகட்டும்.

இப்போது லேப் கோட் மாட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முடியாது என்று சொல்லப் பயப்படாதீர்கள். சொன்ன பிறகு கைகட்டி உட்காராதீர்கள். மாற்று வழியைச் செய்து காட்டுங்கள். முதலில் தோற்பீர்கள், சிரிப்பார்கள். அப்போதும் உங்கள் தப்பைத் தேடுங்கள். அவர்கள் தப்புக்குத் தலையாட்டாதீர்கள்.