சரிங்க என்ற ஒரே சொல்

கத்தரி கையிலிருந்து நழுவியதுதான் முதல் அறிகுறி.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு, பெரிய கத்தரியால் வெட்டுவது அவர் வேலை. அன்று காலை பத்து மணிவாக்கில் கத்தரி கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை குனிந்தவர் எழவில்லை.

அப்போது நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. ஊனமுற்றோர் மறுவாழ்வுப் பிரிவை எடுத்திருந்தேன். அறுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவிலிருந்து வேறெந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போய்ப் படித்ததில்லை. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம், “கைகால் முடியாதவங்கள மறுக்கா வேலைக்குக் கொண்டாந்து உடற படிப்புங்க” என்று அப்பா சொல்லுவாராம்.

தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையிலும் காலிலும் அசைவில்லை. அம்மா முருகனை வேண்டிக்கொண்டு அந்தக் கை முழுக்கத் திருநீறு பூசியிருந்தார்.

டாக்டர் என்னை நடைக்கூடத்துக்கு அழைத்துப் பேசினார். பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது நின்று, உடலின் ஒரு பாதி செயலிழப்பது). இடது மூளை பாதிக்கப்பட்டதால் வலது பக்கமும் பேச்சும் போயிருக்கின்றன. இரத்த அழுத்தம் வெகுநாளாகவே இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை என்றார்.

“நீ இதத்தானேம்மா படிக்கிறே? எங்களால ஆனத நாங்க செஞ்சாச்சு. இனி நீதான் பாத்துக்கணும்.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும்.

ஐந்தாம் நாள் நர்ஸ் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோது அப்பா தெளிவாக, “சரிங்க” என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பேசிட்டாரு கண்ணு, பேசிட்டாரு.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். சரிங்க. வலிக்கிறதா? சரிங்க. உங்கள் பெயரென்ன? சரிங்க.

இதற்குப் பெயர் பேச்சிழப்பு (நாக்கும் தொண்டையும் நன்றாக இருந்தும் சொற்கள் கிடைக்காமற்போவது). சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதுவே வரும். அதற்கு அந்த நேரத்தில் பொருள் கிடையாது. இதை நான் வகுப்பில் குறிப்பெடுத்திருந்தேன். முப்பது வருடம் முதலாளிகளிடமும் மேஸ்திரிகளிடமும் ஏஜெண்டுகளிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் அவருக்கு மிஞ்சியிருந்தது. எனக்கு அவர் ஒருநாளும் ‘ங்க’ போட்டதில்லை. இப்போது என்னைப் பார்த்தும் சரிங்க என்றார். சொல்லிவிட்டு, நினைத்தது இதுவல்ல என்பதுபோலப் புருவத்தைச் சுருக்குவார்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேராசிரியைக்குக் கடிதம் எழுதினேன். தந்தையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் ஊரிலேயே தங்கலாம் என்று பதில் வந்தது. அன்று எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உத்தரத்தில் கப்பியைக் கட்டிக் கயிறு தொங்கவிட்டேன். இடது கையால் இழுத்து வலது கையை உயர்த்தும் பயிற்சிக்கு. புழக்கடையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு மூங்கில்களைக் கட்டி அவற்றுக்கு நடுவே நடக்கவைத்தேன். பாதம் தொங்காமலிருக்க (நுனிக்கால் தரையில் இழுபடாமலிருக்க) காலோடு சேர்த்துக் கட்டத் தச்சரிடம் மரமட்டை செய்து வாங்கினேன். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பயிற்சிகள் வீண்போகவில்லை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். விரல்களைத் தினமும் நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மடங்கி இறுகிவிடும். இவையெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன். நான்காம் மாதம் அப்பா கைத்தடியோடு தெருமுனை வரை நடந்தார்.

ஒவ்வொன்றையும் தொடங்கும்முன் கேட்பேன். “ஆரம்பிக்கலாமாப்பா?”

“சரிங்க.”

“இன்னும் பத்துத் தடவை?”

“சரிங்க.”

அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை என்று எனக்குத் தெரியும். அவர் தண்ணீருக்கும் வலிக்கும் அதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பயிற்சிக்குச் சொன்னபோது மட்டும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் ‘ஒத்துழைப்பு நன்று’ என்று எழுதினேன்.

ஆய்வின் கடைசிக் கட்டம் தொழில் மறுவாழ்வு. அதாவது நோயாளியைத் தனக்கு இயன்ற ஒரு வேலையில் திரும்ப அமர்த்துவது. நானே கம்பெனிக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். “மாஸ்டர் வந்து உக்காந்தாப் போதும் கண்ணு. பீஸ் எண்ணி அடுக்கற வேலைய இடது கையிலயே செய்யலாமல்ல” என்றார். திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

அப்பாவிடம் சொன்னேன். “சரிங்க” என்றார்.

திங்கட்கிழமை காலை அம்மா சட்டை மாட்டிவிடும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமலும் அழுகை வரும் என்பது பாடத்தில் இருந்தது. நான் துண்டால் துடைத்துவிட்டேன்.

“இன்னைக்கு வேண்டாங்கண்ணு. அவருக்கு இஷ்டமில்ல” என்றார் அம்மா.

“அவரே சரிங்கறாரும்மா.”

“இல்ல சாமி, அவரு அப்படிச் சொல்லல.”

“நான் இதத்தானம்மா படிச்சிருக்கேன்” என்றேன். அம்மா பித்தானைப் போட்டு முடித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

கம்பெனியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்தினார்கள். எண்ணி அடுக்கும் மேசை வாசல் பக்கம் இருந்தது. அப்பா அதைத் தாண்டிப் போனார். தடியை ஊன்றி ஊன்றி நேராகத் தன் பழைய மேசைக்குப் போய் நின்றார். அங்கே புதிய மாஸ்டர் வேலை செய்துகொண்டிருந்தார். அப்பாவைவிட நாலைந்து வயது சிறியவர். அவர் ஒதுங்கி இடம் விட்டார்.

அப்பா தடியை மேசையில் சாய்த்துவிட்டு இடது கையால் கத்தரியை எடுத்தார். வலது கைக்காரருக்குச் செய்த கத்தரி இடது கையில் வெட்டாது. அலகுகள் விலகிக்கொள்ளும், துணி இரண்டுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொள்ளும். அவர் அழுத்தினார். துணி மடிந்தது. விடுவித்துவிட்டு மறுபடி அழுத்தினார். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. அன்று நான் நோட்டைப் பிரிக்கவில்லை.

“குடுங்ணா” என்றார் புதிய மாஸ்டர், மெதுவாக.

அப்பா கத்தரியை வைத்தார். “சரிங்க” என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, தையற்காரர்களைப் பார்த்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் தலை குனிந்து குனிந்து சரிங்க, சரிங்க என்றார். நிறுத்த முடியவில்லை. வேட்டி நனைந்திருந்தது. ஜட்கா வண்டியில் ஏற்றி வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். விரல்களை எடுக்கப் பார்த்தேன்; முடியவில்லை. அவர் வாய் சரிங்க என்றது, கை விடவில்லை. அதற்குப் பிறகு அவர் கப்பிக் கயிற்றைத் தொடவே இல்லை.

அறிக்கையை எழுதினேன். ‘நோயாளி தடியுடன் தனியே நடக்கிறார். ஒரு நாள் பணியிடத்துக்குச் சென்று வந்தார். மேலும் ஊக்கம் தேவை.’ பொய் என்று ஒரு வரியையும் சொல்ல முடியாது. சென்னையில் நடந்த வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பியபோது மேசைமேல் இரண்டாவது தந்தி இருந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், கடைசி நாட்களில் அப்பா எப்படி இருந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு என்றார். எனக்குப் புரியவில்லை.

அம்மா என் உள்ளங்கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு காட்டினார். “இப்படிப் பிடிச்சுக்குவேன். கேப்பேன். ஆமான்னா அமுத்துவாரு. இல்லைன்னா கைய விட்டுருவாரு. சில நாளைக்கு ஒண்ணு கேட்டா வெகு நேரமாகும். நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்.”

“எப்ப இருந்தும்மா?”

“ஆஸ்பத்திரியில இருந்தே கண்ணு.”

“கம்பெனிக்குப் போறதப் பத்தி?”

“கேட்டேன். கைய விட்டுட்டாரு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா.”

அம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன். “சொன்னனே சாமி” என்றார்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். கோயமுத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். கப்பியும் மூங்கிலும் இங்கும் உண்டு. அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் என் உடம்பு மாறிவிட்டது. யாருடைய கையைப் பிடித்தாலும் விரல்கள் தாமாகவே கவனிக்கத் தொடங்கிவிடுகின்றன. நேரமும் மாறிவிட்டது. முன்பு ஒரு நிமிடம் என்பது ஆறு முறை கையைத் தூக்கும் நேரம். இப்போது அது ஒரு பதில் வந்து சேர்வதற்குள் கடந்துபோகும் நேரம். சில சமயம் அது போதுவதில்லை.

சென்ற வாரம் பொங்கலூரிலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியை அழைத்து வந்தார். அப்பாவுக்கு வந்த அதே வாதம். அந்த அம்மாளுக்கு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். “எல்லாஞ் செய்வாளுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாளுங்க.” அவரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன்.

அந்த அம்மாளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்றால் அழுத்த வேண்டும், இல்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்று விளக்கினேன். “இன்னைக்குப் பயிற்சி ஆரம்பிக்கலாமுங்களா?” என்று கேட்டேன்.

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இன்னொரு முறை கேட்கவில்லை. பிறகு அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து என் கையை விட்டன.

அன்று நாங்கள் எதுவும் செய்யவில்லை. கணவர் வந்து கதவைத் தட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.