ஆவியில் கலந்த தண்ணீர்

லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அங்கே கொதிகலனுக்கு விறகு போடுபவர் என் அப்பா. பதுளையில் தொழில்நுட்பம் படித்துவிட்டு, அதே ஸ்டோரில் யந்திரங்களைக் கவனிக்கும் உதவியாளராக நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விறகுக்காரர் மகள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் கொழுந்து சரியாகக் காயவில்லை. நீராவிக் குழாய்களின் சூடு போதவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டுப் பழியை அப்பா மேல் போட்டார்.

"மனுசன் அடுப்புக்கிட்ட தூங்குறாரு. திங்கக்கிழமை பெரட்டுல நிக்கச் சொல்லு, மலை வேலைக்குப் போகட்டும்."

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றால் மலைச் சரிவுதான்; அப்பாவின் முழங்கால் அதைத் தாங்காது. அடுப்பு எப்படி எரிந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆவியில தண்ணி கலந்து வருதுங்க ஐயா. அளந்து காட்டுறேன்."

"ஆவிய எப்படிம்மா அளப்ப?"

ஒரு வாளியைச் சுற்றிச் சாக்குக் கட்டினேன். இருபது கிலோ பச்சைத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, வெப்பமானியைத் தொங்கவிட்டேன். ஆவியை அந்தத் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு கிலோ கூடியதும் குழாயை மூடினேன். காய்ந்த ஆவி என்றால் தண்ணீர் நன்றாகச் சூடேறும். ஈர ஆவி எடையைக் கூட்டும், அந்த அளவுக்குச் சூட்டைத் தராது. விஷயம் இவ்வளவுதான்.

வெப்பமானி அதிகம் ஏறவில்லை. கணக்குப் போட்டால், வந்ததில் மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

"அப்ப விறகுல குத்தமில்ல" என்றார் ஐயா. அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயில் ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீரை வெளியே விடாமல், அவசரத்தில் அதையும் வாளிக்குள் இறக்கியிருந்தேன். வேறு யாருக்கும் அது தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா தப்பித்துவிடுவார்.

ஆனால் என் அம்மா கொழுந்து பறிப்பவர். மழை நாளில் இலையில் ஈரம் என்று கண்மதிப்பாகவே கிலோ கழிப்பார்கள். "அந்தத் தண்ணிய யாரு அளந்தா?" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவார். அதைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

"இது செல்லாதுங்க ஐயா. என் தப்பு. திரும்ப அளக்கணும்."

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினேன்.

இந்த முறை தேங்கிய தண்ணீர் முழுவதும் போகும்வரை ஆவியை வெளியே விட்டேன். வாளி குடித்த சூட்டையும் கணக்கில் சேர்த்தேன். மூன்று தடவை அளந்தேன். மூன்றிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர். குழாயோடு நடந்து பார்த்தோம். தண்ணீரை வெளியேற்றும் அடைப்பான் துருவேறி இறுகிக் கிடந்தது. அதை மாற்றியதும் சூடு வந்தது. திங்கட்கிழமை அப்பா அடுப்பின் முன்னால்தான் நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

அப்பா வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அடுத்த மழை நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா மூட்டையைக் கீழே வைக்காமல் நின்றாராம்.

"ஆவியில இருக்க தண்ணியையே எம்மக அளந்துட்டா. இதையும் அளந்துட்டுக் கழிங்க."

பின்னால் நின்ற பெண்களும் மூட்டையை இறக்கவில்லை. செய்தி ஸ்டோருக்கு வந்ததும் டீ மேக்கர் ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். இலையின் ஈரத்தை அளக்க, தராசைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினேன்.