சீனியைக் கூட்டினது ஆர்?

நீரிழிவு கிளினிக்கில் வேலை செய்கிற நேர்ஸை ஊரில் ஒருவரும் மனதார விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் சோற்றுக் கோப்பையை என் கண்ணில் படாமல் திருப்பி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

மன்னாருக்கு மாற்றலாகி வந்த நாளில் இருந்து நான் நோயாளிகளைச் சந்தேகப்படுவதும், அவர்கள் என்னைச் சந்தேகப்படுவதுமாகத்தான் காலம் போகிறது. வெள்ளைச் சட்டையோடு நின்று, "இல்லை, இது தொற்றாது, இல்லை, இனிப்புத் தின்று வந்ததில்லை, இல்லை, ஒருவரும் செய்வினை வைக்கவில்லை" என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்த எல்லாரும் என் சொந்தக்காரர்கள். இது உங்களுக்காக எழுதுவது.

வட்டிலப்பம்

சஃபா எருக்கலம்பிட்டிப் பிள்ளை. ஆறாம் வகுப்பில் படித்தாள். முதல் தடவை நான் பார்த்தபோது அவளுடைய வாப்பா நவ்பரின் தோளில் துவண்டு கிடந்தாள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தது. வாயில் அழுகத் தொடங்கின பழத்தின் மணம். சில கிழமைகளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஓயாமல் சலம் கழித்தாள், போன பெருநாளுக்குத் தைத்த சட்டை இப்போது தொளதொளக்கிறது என்று உம்மா ஜெசீமா ஒரே மூச்சில் சொன்னார். டொக்டர் விரலில் குத்திச் சீனியைப் பார்க்கச் சொன்னார். மெஷினில் இலக்கம் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் கூட என்று மட்டும் காட்டியது.

சேலைனும் இன்சுலினும் ஏறி, பிள்ளை கண்ணைத் திறந்து "பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் ஜெசீமா கதிரையில் இருந்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். பெருநாளுக்கு நவ்பரின் தங்கச்சி வட்டிலப்பம் என்கிற இனிப்புக் கொண்டு வந்தாளாம். எல்லாரையும் விடச் சஃபாதான் கூடத் தின்றாளாம். அதற்குப் பிறகுதான் தாகம். அன்றிலிருந்து அந்த வீட்டில் இருந்து வருகிற எதையும் ஜெசீமா வாயில் வைப்பதில்லை. உடம்பில் இன்சுலின் சுரக்காவிட்டால் இரத்தத்தில் சீனி கூடும், அவ்வளவுதான் என்று நான் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீனி கூடினது சரி மிஸ். கூட்டினது ஆரு?"

அடையாள அட்டை

கேள்வி நியாயமானது. அதனால் அடுத்த நாள் இரண்டு பேரையும் இருத்திவைத்து ஒழுங்காகச் சொன்னேன். எங்கள் இரத்தத்தில் காவலுக்கு நிற்கிற வெண்குழியங்கள் இருக்கின்றன. அவற்றில் டி கலங்கள் என்று ஒரு வகை. கிருமி நுழைந்தால் தொட்டுப் பார்த்து, அந்நியன் என்று கண்டால் அழிக்கும். சொந்த உடம்பைத் தொடக்கூடாது என்பதை நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு சுரப்பியில்தான் பழகும். பழகாதவற்றை உடம்பு அங்கேயே முடித்துவிடும். ஆனால் சில தப்பி வெளியே வந்துவிடும். சஃபாவின் உடம்பில் அப்படித் தப்பினவை சதையி என்கிற கணையத்துக்குள் புகுந்து, இன்சுலின் சுரக்கிற கலங்களை எதிரி என்று நினைத்துக் கொன்றுவருகின்றன. பெரும்பங்கு போன பிறகுதான் தாகம் வெளியே தெரியும்.

நவ்பர் கருவாட்டு வியாபாரி. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னார்த் தீவை விட்டு வெளியேற்றினபோது சின்னப் பிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"அந்தக் காவல்காரங்களும் எங்கட உடம்பில பிறந்தவங்கள்தானே மிஸ்?"

"ஓம் நவ்பர் நானா."

"அப்ப அடையாள அட்டை பாக்காமலா கொல்றாங்கள்?"

"பாக்கிறாங்கள். பாத்தும் நம்புறாங்கள் இல்லை."

 அந்த விளக்கம் அவருக்குப் போதும் போலிருந்தது. ஜெசீமாதான், இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். நாள் சொல்ல முடியாது, மாதக்கணக்காக நடந்திருக்கும், சில பிள்ளைகளுக்கு வருசக்கணக்காகக்கூட; பெருநாளுக்கு வெகு முந்தியே தொடங்கியிருக்கும் என்றேன். முக்காட்டு நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"இனி நான் என்ன முகத்தோட மதினி வீட்டுக்குப் போறது, மிஸ்?"

டீக்கடை விசாரணை

அருளப்பன் பாப்பாமோட்டையில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். நாற்பது வயதைத் தாண்டினவர். நெடுங்காலம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து வந்ததால் தேத்தண்ணிக் கடையை இன்றைக்கும் டீக்கடை என்றுதான் சொல்வார். குளிசை விழுங்கியும் அவருக்குச் சீனி இறங்கவில்லை. மனைவி செல்விக்கு அதில் பெரிய சந்தேகம். கணவன் வெளியே போகும் வரைக்கும் காத்திருந்து, "மிஸ், இவர் களவாத் தின்னுறார்" என்பார். சட்டைப் பையில் டொபி உறை தேடுவார். ஒருநாள் கடைக்கே போய், என் புருசனுக்கு இனிப்பு வாய்ப்பன் கொடுத்தாயா என்று எல்லார் முன்னாலும் விசாரித்திருக்கிறார். கடைக்காரன் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை.

மனிதர் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டு போனார். ஒளித்துத் தின்கிறவர் இப்படி வற்றமாட்டார் என்று டொக்டருக்குப் பட்டது. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். பிறபொருளெதிரிகள் இருப்பதாக முடிவு வந்தது. சொந்தச் சதையியை உடம்பு தாக்குகிறது என்பதற்கு அவைதான் தடயம். பிள்ளைகளுக்கு வேகமாக வருகிற அதே நோய், பெரியவர்கள் சிலருக்கு இப்படி மெல்ல மெல்ல வரும் என்று டொக்டர் சொன்னார். இனிக் குளிசை போதாது, இன்சுலின்தான். செல்வி நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அருளப்பன் கோபப்படவில்லை. சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஊசி பரவாயில்லைங்க மிஸ். நான் திருடன் இல்லைன்னு அந்த டீக்கடையில போய் இவளை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க."

பையில என்ன?

ஒரு மாதம் சஃபாவுக்கு வேண்டிய இன்சுலின் இங்கே கிடைக்கவில்லை. நவ்பர் கொழும்புக்குப் போய் வாங்கி, சூடு படாமல் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். தீவுக்கு வருகிற வழியில் சோதனை. கடல் வழியாகச் சாமான் வருகிற ஊர் என்பதால் அங்கே எல்லாருடைய பையும் சந்தேகத்துக்குரியதுதான். பொலிஸ் சார்ஜன் பிளாஸ்கைத் தொட்டு, இதில் என்ன என்று கேட்டிருக்கிறார். நவ்பர் பொய் பேசத் தெரியாத மனிதர். "ஐஸ்" என்றாராம்.

அது ஒரு போதைப்பொருளின் பெயரும்தான் என்பது பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர. பக்கத்து ஆள் எழுந்து பின் சீற்றுக்குப் போய்விட்டாராம். அடுத்ததாகப் பைக்குள் இருந்து ஒரு கட்டு ஊசி வெளியே வந்தது. நான் சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டு நின்றபோது நவ்பரின் போனில் சார்ஜன் கூப்பிட்டார். நான் நேர்ஸ் என்றேன். நேர்ஸ் என்று எப்படி நம்புவது என்று சார்ஜன் கேட்டார். இன்சுலின் என்றேன். அதையும் நம்பவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்டது ஒன்றுதான்: அந்த மருந்து வெயிலில் நின்றால் பழுதாகிவிடும், பிளாஸ்க் இப்போது மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?  மறுமுனையில் மூடி திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் தன்னுடைய சிங்களத் தமிழில் சொன்னார்:

"எங்கட அம்மாவும் இது போடுறது. நான் அனுப்புறன். மிஸ், இனிமேல் இந்த ஆளுக்கு 'குளிர் கட்டி' சொல்லப் பழக்குங்க."

குறையாத போத்தல்

சில மாதம் போனபின் சஃபாவுக்கு ஊசியின் அளவு குறையத் தொடங்கியது. சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. இப்படி நடக்கும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். வெளியே இருந்து இன்சுலின் போனதும், சாகாமல் மிஞ்சின கலங்கள் கொஞ்சம் ஆறி எழும்பி வேலை செய்யும். அது நோய் சுகமானதில்லை, ஒரு இடைவேளை.

பிறகு ஒரு கிளினிக் நாள் ஜெசீமா சிரித்த முகத்தோடு வந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சஃபாவின் உதடு காய்ந்திருந்தது. இன்சுலின் போத்தலைக் காட்டச் சொன்னேன். போன தடவை நான் கொடுத்த அதே போத்தல், கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. கேட்கக் கேட்கத்தான் வந்தது: நானாட்டான் பக்கம் ஒருவர் இலைப் பொடி கொடுக்கிறாராம். பொடி தொடங்கின நேரமும் சீனி குறைந்த நேரமும் ஒன்றாக இருந்ததால், பெயர் பொடிக்குப் போய்விட்டது. ஊசி நின்றுவிட்டது. விரலில் குத்தினேன். சீனி ஏறியிருந்தது. சலத்தில் அமிலம் தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால், பழைய மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அல்லது கொண்டுவரவே நேரம் இருந்திராது. அன்றைக்கே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம்.

"காவல்காரங்கள் போயிட்டாங்கள் எண்டு நினைச்சம் மிஸ்" என்றார் நவ்பர்.

"போகேல்லை நானா. உள்ளுக்கதான் நிக்கிறாங்கள். மிச்சத்தையும் தேடுறாங்கள்."

ஜெசீமா அழுதார். எப்படியும் எல்லாம் போகப்போகிறதென்றால் அந்த மிச்சத்தை வைத்து என்ன பிரயோசனம் என்று கேட்டார். மிஞ்சினது கொஞ்சமாக இருந்தாலும் சீனி கண்டபாட்டுக்கு ஏறி இறங்காமல் அது பிடிக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த சஃபா, கண்ணைத் திறக்காமலே பேசினாள்:

"இருக்கிறதுகள் இருக்குமட்டும் இருக்கட்டும் உம்மா. ஊசியப் போடுங்க, அதுகள் கொஞ்சம் ஆறட்டும்."

என் வீட்டில் ஒரு நோயாளி

இத்தனையும் பார்த்த பிறகு ஒருத்திக்குப் புத்தி தெளியும் என்று நினைப்பீர்கள். எனக்குச் சந்தேகம்தான் முற்றியது. என் மகன் றொஷான் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தான். மன்னார் வெயிலில் கழுதையும் அப்படித்தான் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கக்கூஸ் கதவு எத்தனை தரம் சாத்துகிறது என்று காதைக் கொடுத்தேன். காற்சட்டை இடுப்பில் தளர்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். காலைச் சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்தினேன். சரியாக இருந்தது. அடுத்த கிழமையும் குத்தினேன், அதுவும் சரியாக இருந்தது. மெஷினில்தான் ஏதோ பிழை என்று கிளினிக்கில் இருந்து வேறொரு மெஷினைக் கொண்டுவந்தேன்.

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கண்டதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"கிளினிக்கை அங்கேயே பூட்டிப்போட்டு வாரும். இஞ்ச பிள்ளை அடுத்த வீட்டுக் கிணத்தடியில போய் ஒளிச்சு நிண்டு தண்ணி குடிக்கிறான்."

சந்தேகப்படாமல் விட்டால் பிள்ளை போய்விடும், கூடச் சந்தேகப்பட்டால் வீடு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், எங்கே என்றுதான் இன்னும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.