ஆடிக்கு வந்த அத்தையின் கோடு

எங்கள் வீட்டு நெல் அறைச் சுவரில் நான் கரியால் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைக் கோலம் என்றே நினைத்தார்கள். எல்லோரும் என்றால் அப்பாவும் ஒரு பூனையும்தான். நான் வரைய ஆரம்பித்தபோது வேறு யார் இருந்தார்கள் அந்த வீட்டில்?

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். வில்லியனூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருந்தோம். நான் பேசப் பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் கடைசித் தங்கை, என் சின்ன அத்தை. குளிப்பாட்டுவது, தலை வாருவது, அடிப்பது, அடித்த பிறகு வெல்லம் கொடுப்பது எல்லாம் அவள்தான். அந்த வருஷம் மாசியில் அவளைப் பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் விஷயம் விளங்கியது.

அப்பா விடிவதற்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குப் பேச ஆள் கிடையாது. பானைகளோடு பேசினேன். பானைகள் நன்றாகவே கேட்டுக்கொண்டன, ஆனால் தலை வாரிவிடவில்லை. அழுகை வந்தால் அழுதுவிட்டு நானே முகம் கழுவிக்கொள்வேன்.

எந்த மாதம் வீட்டில் ஆள் இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு யோசனை. பிரெஞ்சு மாதங்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ராகம் போட்டுச் சொல்லக் கற்றிருந்தோம். சுவரில் மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டேன். யாராவது வந்தால் அந்த மாதத்தின் கீழ் ஒரு புள்ளி. மார்ஸ், அவ்ரீல் இரண்டும் வெறுமையாகவே போயின. மே மாதம் அபிஷேகப்பாக்கத்து நடு அத்தை பிரசவத்துக்கு வந்தாள், புள்ளி வைத்தேன். அடுத்த மாதமும் அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீட்டில்தான் நடமாடுகிறாள், சுவரிலோ கட்டம் காலி. வந்த மாதத்தை மட்டும் குறித்தால் போதாது, இருக்கிற மாதங்களையெல்லாம் குறிக்க வேண்டும் என்று உறைத்தது. ஆகவே ஆளுக்கு ஒரு கோடு இழுத்தேன். வந்த மாதத்தில் தொடங்கிப் போகிற மாதத்தில் முடியும் கோடு. ஒரு கட்டத்தை எத்தனை கோடுகள் கடக்கின்றனவோ அத்தனை புள்ளிகள் அதற்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக.

ஜுய்யேவில், அதாவது ஜூலையில், சுத்துக்கேணியிலிருந்து பெரிய அத்தை பிரசவம் பார்க்க வந்தாள். குழந்தை பிறந்தது, அதற்கும் ஒரு கோடு போட்டேன். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்துத் தாய்வீட்டில் வைக்கும் வழக்கப்படி சின்ன அத்தையையும் அப்பா அழைத்து வந்தார். நாலு புள்ளிகள்! அன்று சாப்பிடக்கூட மறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு லாபம் இருந்தது. நம் கணக்கில் ஆடி ஒரே மாதம். பிரெஞ்சுக் கணக்கிலோ அது ஜுய்யே நடுவில் தொடங்கி ஊத் என்கிற ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. சின்ன அத்தைக்கு இரண்டு கட்டங்களிலும் புள்ளி வைக்கலாம். பிரெஞ்சுக்காரன் நல்லவன் என்று நான் முடிவுகட்டியது அப்போதுதான்.

பெரிய அத்தை போனாள். நடு அத்தையும் குழந்தையும் செப்தாம்ப்ரில் போனார்கள். அவர்கள் கோடுகளை முடித்தேன். சின்ன அத்தையின் கோடு மட்டும் முடியவில்லை. ஆவணி பிறந்தும் அவளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. அவள் இங்கே இருந்த ஆடியிலேயே மாமா ஒரு வார்த்தை சொல்லாமல் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். அப்பா இரண்டு முறை போய்ப் பேசிவிட்டு வந்தார். “மவன் இல்லாத வூட்டுல மருமவளுக்கு இன்னா வேல?” என்று மாமியார்க்காரி கேட்டதாகச் சொன்னார். எனக்கு அது மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது. மாதம் பிறந்ததும் கோட்டை உற்சாகமாக நீட்டினேன்.

தலை தீபாவளி நெருங்கிய ஒரு காலை, நெல் எடுக்க வந்த அத்தை சுவரைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது, செவுரெல்லாம் கிறுக்கி வெச்சிருக்க?”

ஒவ்வொரு கோடாகக் காட்டி விளக்கினேன். அவள் தன் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனாள்.

“நீயும் ஒங்கப்பாவும் எங்கடி?”

“நாங்க எப்பவும் இருக்கறவங்க அத்தே. வந்துட்டுப் போறவங்களுக்குத்தான் கோடு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி நீ இத போட்டிருந்தா, எனக்குக் கோடு உண்டா?”

“இல்ல.”

அத்தை கூடையைக் கீழே வைத்தாள். “அப்ப இதையும் அழிச்சிடு.”

அழித்தால் ஒக்தோப்ர் காலியாகிவிடுமே! பிறகுதான் அவள் சொன்னதன் பொருள் புரிந்து மனசெல்லாம் குளிர்ந்தது. எச்சில் தொட்டுக் கோட்டைத் தேய்த்து அழித்தேன். புள்ளிகளை அழிக்க மனம் வராமல் விட்டுவிட்டேன். கரியான என் கையை அத்தை முந்தானையால் துடைத்தாள். கரி போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் அப்பா வண்டி கட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன்பாவது பெண்ணை அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க, மூன்றாவது முறையாகச் சம்பந்தி வீட்டுக்குப் புறப்படுகிறார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, வண்டிக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அப்பா, அத்தை இனிமே எங்கியும் போவாதாம்பா!”

“யாரு சொன்னது?”

“அத்தையேதான் சொல்லிச்சி. நம்பளோட சேத்துக்கச் சொல்லிச்சி.”

அப்பா நுகத்தடியைப் பிடித்தபடி நின்றார். உள்ளே அத்தை நெல் அள்ளும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாடுகளை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டினார். பழைய வேட்டிக்கு மாறி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். போகிறபோது வாழைப்பழச் சீப்பை என் கையில் கொடுத்து, “நீயே துன்னுடா கண்ணு” என்றார்.

அத்தைக்கு ஒரு பழம் உரித்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய நல்ல காரியம் நடந்திருக்கிறது, இந்தப் பெரியவர்களுக்கு அதைக் கொண்டாடக்கூடத் தெரியவில்லையே என்று அலுத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து மிச்சப் பழத்தையெல்லாம் நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.